தமல்பயஸ் மலையிலே ஒரு பகல்

புவியியல் கற்பிக்கும் ஆசிரியரின் தொழிலிலே ஒரு விசித்திரம் உண்டு. தாம் ஒருபோதும் காணாத நாடுகளைப் பற்றி, நேற்றுத்தான் போய்வந்தவர்போல ஆண்டுக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்க வேண்டியவர் அவர். நாமும் இந்துக் கல்லூரியொன்றின் வகுப்பறையிலே நின்று இருபது ஆண்டுகளாக ஒரே பாடத்தைச் சொல்லி வந்திருக்கிறோம். “மத்தியதரைக் காலநிலை. மாரியிலே மழை, கோடையிலே வறட்சி. இயற்கைத் தாவரம் தடித்த சிற்றிலைகளையுடைய பற்றைக்காடு. இதனை மத்தியதரைக் கடலோரத்தில் மாக்கி என்பர். சிலியில் மத்தொறல் என்பர். தென்னாபிரிக்காவில் பின்பொஸ் என்பர். கலிபோர்ணியாவில் சப்பரல் என்பர்.”

ஒருமுறை பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், அந்தச் சப்பரல் பார்வைக்கு எப்படியிருக்கும்?” என்று கேட்டான். “நம்மூர்ப் பற்றை போலத்தான்” என்று சொல்லி அவனை இருத்திவிட்டோம். அந்த விடை அவனுக்குத் திருப்தி தந்ததோ என்னவோ, எமக்குத் தரவில்லை. கடந்த ஆவணி மாதத்திலே அந்தக் கடனைத் தீர்க்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது.

எமது தமையனார் கலிபோர்ணியாவிலே, சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையிலுள்ள குன்றுப் பகுதியொன்றில் குடும்பத்துடன் வாழ்பவர். விடுமுறையில் அவரைக் காணச் சென்றிருந்தோம். உறவு கொண்டாடுவதோடு ஓர் அலுவலும் இருந்தது. தாய்தந்தையர் எம்மிருவருக்கும் விட்டுச்சென்ற காணி வலிகாமம் வடக்கிலே இருக்கிறது. 1990 ஆம் ஆண்டு போர் காரணமாகக் குடும்பத்தோடு அங்கிருந்து வெளியேறினோம். அப்போது எமக்குப் பதினொரு வயது. கால் நூற்றாண்டுக்கு மேலாக எவரும் காலடி வைக்க முடியாதிருந்த அந்நிலம் விடுவிக்கப்பட்டதும் போய்ப் பார்த்தோம். வீடு இல்லை. கிணறு தூர்ந்து கிடந்தது. முற்றத்து வேம்பைத் தறித்திருந்தார்கள். விபரத்தைத் தமையனாருக்கு அறிவித்தபோது, “ஆர் இனிப் போய் இருக்கப் போகினம்? வித்துப் போடுவம்” என்றார். ஆகவே அவர் ஒப்பமிட வேண்டிய அற்றோணிப் பத்திரம் எமது பெட்டியிலே கிடந்தது. வந்து பத்து நாளாகியும் அதனை வெளியே எடுக்க எமக்கும் மனம் வரவில்லை, அவரும் கேட்கவில்லை.

அவர் வீட்டு வாயிற்கதவருகே ஒரு முதுகுப்பை எப்போதும் தயாராக இருந்தது. எவரோ பிரயாணம் போகிறார் என்று முதல்நாள் எண்ணினோம். அண்ணி சிரித்தபடி, “அது நெருப்புப் பை. காட்டுத்தீ வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு” என்றார். 1991 ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஒக்லண்ட் குன்றுகளிலே பற்றிய தீ இருபத்தைந்து உயிர்களையும், மூவாயிரத்துக்குக் கிட்டிய வீடுகளையும் கொண்டுபோயிற்று. 2020 செப்ரெம்பர் 9 ஆம் திகதி, பல திசைகளிலும் எரிந்த காடுகளின் புகையால் அப்பகுதி முழுவதும் பட்டப்பகலிலே வானம் செம்மஞ்சளாகி, வீடுகளில் விளக்கேற்றும்படி ஆயிற்று. “அங்கேயும் ஒரு பை, இங்கேயும் ஒரு பை” என்று மட்டும் தமையனார் சொன்னார்.

பெயரின் மயக்கம்

சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மரின் மாவட்டத்திலே, 2,570 அடி அளவு உயரத்தில் நிற்கிறது தமல்பயஸ் என்னும் மலை. அம்மலையடியில் வானளாவிய செம்மரக் காடும், மேற்சரிவுகளிலே சப்பரலும் உண்டு என்று தமையனாரின் மகள் எமக்குச் சொன்னாள். பல்கலைக்கழகத்திலே தாவரவியல் படிப்பவள் அவள். “காட்டுக்குள் தொடங்கிப் பற்றைக்குள் முடியும் பாதை, சித்தப்பா. ஒரே நாளில் உங்கள் பாடம் முழுவதையும் நடந்து பார்த்துவிடலாம்” என்றாள்.

பெயரைக் கேட்டதும் எமக்கு ஒரு துள்ளல். ‘தமல்’ என்பது தமிழோடு தொடர்புடையதோ என்று ஐயுற்றோம். அவள் எம் ஆவலை அப்போதே அடக்கினாள். அது அந்நிலத்தின் பூர்வகுடிகளான கரையோர மீவொக் மக்களின் மொழிச்சொல். ‘மேற்குமலை’ அல்லது ‘கரைமலை’ என்பது பொருள். ஒலியொத்த சொற்களையெல்லாம் உறவாக்கிக்கொள்ளும் பழக்கத்தை வகுப்பிலே மாணவருக்குக் கண்டிக்கும் நாம், அதே குற்றத்தைச் செய்தபோது பிள்ளையொருத்தியிடம் அகப்பட்டுக்கொண்டோம்.

ஒரு சனிக்கிழமை காலை, அண்ணி கட்டித்தந்த கட்டுச்சோற்றுடன் தமையனார், பெறாமகள், நாம் ஆகிய மூவரும் புறப்பட்டோம். அண்ணி எம்மை மலையடியிலே இறக்கிவிட்டு, மாலையிலே உச்சிக்கு மோட்டார் வாகனத்தில் வந்து ஏற்றிச்செல்வதென்று ஏற்பாடு. ஏழரை மைல் நடை. ஏறத்தாழ 2,400 அடி ஏற்றம். நாற்பது வயதைக் கடந்தவருக்கு அது சிறிதன்று. றிச்மண்டையும் சன் றபேலையும் இணைக்கும் நீண்ட பாலத்தைக் கடந்தபோது, மேற்கே மலையிருக்க வேண்டிய இடத்திலே வெண்மையான மூடுபனி மாத்திரமே தெரிந்தது.

செம்மரங்களின் நிழலில்

மலையடியிலுள்ள காட்டுக்கு மியூர் காடு என்று பெயர். உள்ளே நுழைந்ததும் எம் குரல் தானாகத் தாழ்ந்தது. கோயிலின் உள்வீதியிலே கால்வைத்தவர்போல ஆனோம். கரையோரச் செம்மரங்கள் இருநூறு, இருநூற்றைம்பது அடி உயரத்துக்குத் தூண்களென எழுந்து நின்றன. உலகிலே மிக உயர்ந்து வளரும் மரவினம் இதுவே. 2006 ஆம் ஆண்டு இதே மாநிலத்தின் வடபகுதியிலே கண்டறியப்பட்ட செம்மரம் ஒன்று 380 அடி உயரமுடையது. மேலே நுனிகள் பனிக்குள் மறைந்திருந்தன. எங்கும் நீர்த்துளி சொட்டும் ஓசை. மழையோ என்று நிமிர்ந்து பார்த்தோம். மழையன்று; மூடுபனி இலைகளிலே படிந்து, திரண்டு, துளியாகி விழுகிறது. கோடையில் அநேகமாக மழையே இல்லாத இந்நாட்டிலே இம்மரங்கள் பிழைப்பது இந்தப் பனியினாலேதான். கடலிலிருந்து வரும் பனியை இலையாலும் பருகி, அடியிலே சொரிந்து வேராலும் பருகுகின்றன. காலநிலை என்ற பாடத்திலே சராசரி மழைவீழ்ச்சியை மாத்திரம் எழுதித் தந்துவிட்டு, சொட்டும் பனியை ஒருநாளும் எழுதித் தராமற்போனோமே என்று எண்ணினோம்.

நிலத்திலே பச்சைக் கம்பளமாகப் படர்ந்திருந்த செடியைப் பார்த்ததும் தெரிந்த முகம்போல் இருந்தது. அது நம்மூர்ப் புளியாரையின் இனம். இன்னொரு மரத்தின் இலையைக் கசக்கி மூக்கிலே வைத்தாள் பெறாமகள். மண்டையைத் துளைக்கும் நெடி. அது நமது கறுவாவின் குடும்பம் என்றாள். அந்நிய தேசத்துக் காட்டிலே இப்படித் தூரத்து உறவினரைச் சந்திப்பதும் ஓர் இன்பம்.

பாதையோரத்திலே வீழ்ந்த மரமொன்றின் குறுக்குவெட்டு நிறுத்தப்பட்டிருக்கிறது. அதன் வளையங்களிலே ஆண்டுகளைக் குறித்திருக்கிறார்கள். 909 ஆம் ஆண்டு முளைத்து 1930 இல் வீழ்ந்த மரம் அது. அவர்கள் தங்கள் சரித்திரத்தைக் குறித்திருந்தார்கள். நாம் எமது சரித்திரத்தை விரலால் எண்ணிப் பார்த்தோம். அது முளைத்தபோது முதலாம் பராந்தக சோழன் அரியணையேறி இரண்டாண்டே ஆகியிருந்தது. தஞ்சைப் பெருங்கோயில் எழுந்தபோது அதற்கு வயது நூறு. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த ஆண்டின் வளையம் பட்டையிலிருந்து ஒரு முழத்துக்குள்ளேயே இருக்கும் போலும்!

இந்தக் காடு பிழைத்திருப்பதும் ஒரு கதை. 1905 ஆம் ஆண்டு வில்லியம் கென்ற் என்பவரும் அவர் மனைவி எலிசபெத்தும் 611 ஏக்கர் நிலத்தை 45,000 டொலருக்கு வாங்கினர். இரண்டாண்டுகளில் தண்ணீர்க் கம்பனியொன்று அங்குள்ள ஓடையை மறித்து அணைகட்டவேண்டுமென வழக்குத் தொடுக்க முயன்றது. அணை எழுந்தால் காடு நீரில் அமிழும். கென்ற் ஓர் உபாயம் செய்தார். காட்டின் நடுப்பகுதியான 295 ஏக்கரை அமெரிக்க அரசாங்கத்துக்கே தானமாக எழுதிக்கொடுத்தார். அரசாங்கத்தின் நிலத்தை எந்தக் கம்பனி பறிக்கும்? 1908 சனவரி 9 ஆம் திகதி சனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் அதனைத் தேசிய நினைவிடமாகப் பிரகடனஞ் செய்தார். கென்றின் பெயரையே இடுவோம் என்று சனாதிபதி விரும்பியும் அவர் இணங்கவில்லை. இயற்கையின் காவலர் ஜோன் மியூரின் பெயரே நிலைக்கச் செய்தார். கொடையிலே பெயரைத் தேடாத கொடை பெரிது.

சற்று அப்பால், மரங்கள் நெருங்கி நிற்கும் இடத்திலே ஒரு சிறு நினைவுப்பலகை. ஐக்கிய நாடுகள் சபையை அமைப்பதற்காக 1945 இல் சான்பிரான்சிஸ்கோவிலே கூடிய பிரதிநிதிகள், அவ்வாண்டு மே 19 ஆம் திகதி இங்கே வந்து, அதற்கு முந்திய மாதம் காலமான சனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ற்றுக்கு அஞ்சலி செலுத்தினர். அந்த மகாநாட்டின் முடிவிலே இந்தியாவின் சார்பில் சாசனத்திலே ஒப்பமிட்டவர் தமிழரான ஆற்காட்டு இராமசாமி முதலியார். இலங்கைக்கு அச்சபையில் இடங்கிடைக்க 1955 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. போர் ஒழியவேண்டுமென்று கூடியவர்கள், பேச்சை விட்டு இந்த மௌனத்துக்குள் ஒருநாள் வந்து நின்றார்கள். அந்த இடத்திலே நாமும் சிறிதுநேரம் பேசாமல் நின்றோம்.

வட்டமாக நின்ற மரங்கள்

நாலாவது பாலத்தைக் கடந்ததும் சனக்கூட்டம் ஒழிந்துவிட்டது. அங்கிருந்து ஓடையோரமாகப் பாதை மேலேறுகிறது. இந்த ஓடையிலே மாரிகாலத்தில் சமன் மீன்கள் கடலிலிருந்து திரும்பிவந்து, தாம் பிறந்த இடத்திலேயே முட்டையிட்டு மடியுமாம். தகரப் பேணியிலே மாத்திரம் சமனைக் கண்ட எமக்கு இது புதுமை. இப்போது அவை அருகிவிட்டன.

ஓரிடத்திலே எட்டு ஒன்பது செம்மரங்கள் வட்டமாக நின்றன. நடுவே வெறும் குழி. கரிந்த கட்டையின் எச்சம். யாரோ திட்டமிட்டு நட்டதுபோல் இருந்தது. பெறாமகள் விளக்கினாள். நடுவிலே தாய்மரம் ஒன்று நின்றது. அது தீயினாலோ கோடரியினாலோ அழிந்தது. செம்மரத்தின் அடியிலே முடிச்சுப்போன்ற தடித்த கட்டை உண்டு. அதிலே அரும்புகள் உறங்கிக் கிடக்கும். மேலே மரம் மாண்டதும் அவை விழித்துத் தளிர்க்கும். அவ்வாறு எழுந்த பிள்ளைகளே இந்த வட்டம். மண்ணுக்குள் இன்னும் அதே பழைய வேர். “வயது என்று எதைச் சொல்வது, சித்தப்பா? மரத்துக்கு இருநூறு, வேருக்கு ஆயிரமும் இருக்கலாம்” என்றாள்.

அப்போது எம்மையறியாமலே ஒரு வார்த்தை வெளிவந்துவிட்டது. “எங்கட முற்றத்து வேம்பும் அடியிலேயிருந்து தளிர்த்திருக்கு, அண்ணா” என்றோம். தறித்த வேம்பைப் பற்றி எழுதியிருந்தோமேயன்றித் தளிர்த்ததை எழுதியிருக்கவில்லை. ஏன் எழுதவில்லை என்று இப்போதும் தெரியாது. தமையனார் ஒன்றும் பேசவில்லை. கரிந்த கட்டையைக் கைத்தடியால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு மேலே நடந்தார்.

ஏற ஏற மூச்சு வாங்கியது. ஒரு சிறு புல்வெளியிலே அமர்ந்து இளைப்பாறினோம். அங்கிருந்த மரப்பலகையிலே இடத்தின் பெயரை எழுதி, சனத்தொகை மூன்று நீலப்பறவைகள் என்றும் எழுதியிருந்தார்கள். கட்டுச்சோற்றை அவிழ்த்ததும் குடிமக்களில் ஒருவர் வந்து கிளையிலிருந்து எம்மை விசாரித்தார்.

அடுத்த ஏற்றத்தின் முடிவிலே மலைச்சரிவிலே அமைந்த திறந்தவெளி அரங்கொன்று இருக்கிறது. 1913 ஆம் ஆண்டு முதலாவது நாடகம் அங்கே ஆடப்பட்டது. முப்பதுகளின் பொருளாதார மந்தத்திலே வேலையின்றித் தவித்த இளைஞரை அரசாங்கம் திரட்டி, மலைக்கற்களாலே படிவரிசைகளை அமைப்பித்தது. மலையோடு ஒன்றிப்போகும்படி கற்களின் பெரும்பாகத்தை மண்ணுள்ளே புதைத்திருக்கிறார்கள். நாலாயிரம் பேர் இருக்கக்கூடிய அரங்கிலே நாம் மூவரும் சபையினராக அமர்ந்திருந்தோம். மேடையிலே வெயில் மாத்திரம் ஆடிக்கொண்டிருந்தது.

ஏற ஏறச் சூடு

ஆம், வெயில்! கீழே கம்பளிச் சட்டை அணிந்து நடுங்கிய நாம் அங்கே அதனைக் கழற்றி இடையிலே கட்டவேண்டியதாயிற்று. நுவரெலியாவுக்குப் போகிறவர் ஏற ஏறக் குளிரை எதிர்பார்ப்பார். ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்று நாமே கற்பித்திருக்கிறோம். இங்கே மாறாக, ஏற ஏற உஷ்ணம். பசுபிக் கடலின் குளிர்நீரின்மேலே படுத்த காற்று, பனியைச் சுமந்து பள்ளங்களிலே தங்கிவிடுகிறது. அதற்குமேலே சூடான உலர்ந்த காற்று மூடிபோல் அமர்ந்திருக்கிறது. புத்தகத்திலே வெப்பநிலை நேர்மாறல் என்பார்கள். அன்று அதனைத் தோலினாலே படித்தோம். பனிக்குள்ளே செம்மரம், பனிக்கு மேலே சப்பரல். இந்தக் கோட்டைத் தாவரங்கள் எம்மைவிட நன்றாக அறிந்து வைத்திருக்கின்றன.

அரங்கிலிருந்து கிழக்கே செல்லும் பாதையில் மரங்கள் திடீரெனக் குறுகின. ஒரு திருப்பத்தைக் கடந்ததும் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்த சொல் கண்முன்னே நின்றது. இடுப்பளவிலிருந்து ஆளுயரத்துக்குச் சற்று மேல்வரை, பின்னிப்பிணைந்த பற்றை மலைச்சரிவு முழுவதையும் போர்த்திருந்தது. தூரத்திலே பார்த்தால் பச்சைக் கம்பளிபோல மெத்தென்றிருக்கும். கிட்டப்போனால் ஒரு பூனைகூட நுழையாது. குட்டைக் கருவாலியைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து சப்பரல் என்ற பெயர் வந்தது. இதற்குள் மாடு மேய்த்தவர்கள் தொடைக்கு மேலே தோலுறை அணிந்தார்கள்.

ஊசிபோன்ற நுண்ணிலைகளோடு, காய்ந்த பூக்கள் துருநிறமாக நிற்பது சமீஸ். அதன் இலையிலே எண்ணெய்ப்பற்று உண்டு. தீப்பட்டால் சீறி எரியும். சிவந்த வழுவழுப்பான தண்டோடு, குளித்தெழுந்த கைபோலக் குளிர்ந்திருப்பது மன்சனீத்தா. ‘சிறிய ஆப்பிள்’ என்பது பொருள். அதன் இலைகள் வெயிலுக்கு முகங்காட்டாமல் நிமிர்ந்து நிற்கின்றன. நண்பகற் சூரியன் விளிம்பைத்தான் காண்கிறான், தளத்தைக் காணான். பாதையோரத்திலே மும்மூன்றாக இலைவிட்டு, ஆவணியிலேயே சிவக்கத் தொடங்கியிருந்த அழகிய செடியொன்றைத் தொடப்போன எம் கையைப் பெறாமகள் பிடித்துக்கொண்டாள். தொட்டால் கொப்புளிக்கும் நச்சுச் செடியாம். அங்கே போகும் நேயர்கள் இதனை மறவாதிருப்பாராக.

இதனை எத்திணையிலே சேர்ப்பது என்று எமக்குள் ஒரு விசாரம். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது இளங்கோவடிகள் காட்டிய நிலம். “இது காடு கெட்டுப்போன பாலை போலும்” என்றோம். பெறாமகள் ஒப்பவில்லை. “இல்லை, சித்தப்பா. எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இது கெட்டுப்போன காடில்லை. இதுவாகவே இருப்பது. தீயோடு வாழப் பழகிய காடு” என்றாள்.

அவள் ஒரு மன்சனீத்தாவின் அடிமண்ணைக் காலால் விலக்கிக் காட்டினாள். செம்மரத்திலே கண்ட அதே முடிச்சுக் கட்டை. மேலே யாவும் எரிந்து சாம்பலானாலும் மாரிமழை விழுந்ததும் இதிலிருந்து தளிர் வரும். இன்னொரு வகை மன்சனீத்தாவுக்கு இந்தக் கட்டை இல்லை. எரிந்தால் செத்தே போகும். ஆனால் அதன் விதைகள் மண்ணிலே பல்லாண்டுகள் உறங்கி, தீ வந்துபோன பின்புதான் முளைக்கும். நனைந்த காடும் காய்ந்த பற்றையும் கற்றது ஒரே பாடம்: காப்பாற்ற வேண்டியதை மண்ணுக்குள்ளே வை.

“அப்படியானால் நெருப்பு நல்லது என்கிறாயா?” என்று கேட்டோம். அவள் தலையசைத்தாள். “எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்பதிலே இருக்கிறது. அடுத்தடுத்து எரிந்தால் முளைத்தது காய்க்க முதலே எரிந்துபோகும். பிறகு விதையுமில்லை, கட்டைக்குச் சத்துமில்லை. புல்தான் வரும்.” தாங்குவதற்கும் ஓர் அளவுண்டு என்பதை அந்தப் பிள்ளை எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள்! போரை அறியாதவள் அவள், தாவரத்தையே சொன்னாள்.

பழைய புகையிரதப் பாதை

மேற்குமுனை விடுதி என்னும் பழைய மரக்கட்டடத்தின் விறாந்தையிலே தண்ணீர் அருந்திச் சிரமபரிகாரம் செய்தோம். 1904 ஆம் ஆண்டு புகையிரதப் பயணிகளுக்காகக் கட்டப்பட்டது அது. மலையிலே புகையிரதமா என்று வியக்கவேண்டாம். 1896 முதல் 1930 வரை இம்மலையுச்சிக்குப் புகையிரதம் ஓடியது. எட்டு மைல் தூரத்துக்குள் 281 வளைவுகள்! உலகிலேயே கோணலான பாதை என்று விளம்பரஞ் செய்தார்களாம். பதுளைப் பாதையிலே தெமோதர வளைவைக் கண்ட எமக்கு, தண்டவாளம் பெயர்க்கப்பட்ட அந்தப் பாதையிலே நடந்தபோது எங்கிருந்தோ கூவென்ற ஒலி கேட்பதுபோல் இருந்தது. மோட்டார் வாகனங்கள் பெருகியதும், 1929 யூலையில் மலைச்சரிவிலே பரவிய தீ நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளை அழித்ததும் அதற்கு முடிவுகட்டின. அன்று எரிந்த சரிவிலேதான் இன்று இந்தப் பற்றை செழித்து நிற்கிறது.

ஏற்றம் மெதுவானது. தமையனார் பின்தங்கி வந்தார். பெறாமகள் எம்மருகே வந்து, குரலைத் தாழ்த்தி, “சித்தப்பா, அந்த நெருப்புப் பைக்குள் என்ன இருக்கு, தெரியுமா?” என்று கேட்டாள். கடவுச்சீட்டு, வைத்தியச் சீட்டுகள், கொஞ்சம் பணம் என்று நாம் ஊகித்தவற்றைச் சொன்னோம். “இந்த வீட்டுப் பத்திரம்கூட அதற்குள் இல்லை. அது வங்கியிலே இருக்கு. உங்கட ஊர்க் காணி உறுதி மட்டும் இருக்கு. அப்பப்பா அனுப்பினதாம். 2020 இல் வானம் சிவந்த அன்று அப்பா முதலில் அதைத்தான் எடுத்து வைத்தார்.”

மேலே நடந்தோம். அதன் பிறகு நாம் அப்பாதையிலே எதைப் பார்த்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

உச்சியிலே

பிற்பகல் மூன்று மணிக்குக் கிழக்குச் சிகரத்தை அடைந்தோம். உச்சியிலே, முப்பதுகளிலே கட்டிய கற்கூண்டொன்று தீக்காவலுக்காக நிற்கிறது. அங்கிருந்து கண்ட காட்சியை வர்ணிக்க எம் தமிழ் போதாது. கிழக்கே விரிகுடாவும் அதற்கப்பால் டயப்லோ மலையும். தெற்கே சான்பிரான்சிஸ்கோவின் உயர்ந்த கட்டடங்கள் பனிக்குமேலே தலைநீட்டி நின்றன. மேற்கே கடல் தெரியவில்லை. கடலை மூடிய பனியே இன்னொரு கடலாகிப் பள்ளத்தாக்குகளுக்குள் ஊர்ந்துகொண்டிருந்தது. காலையிலே நாம் நடந்த செம்மரக் காடு அதற்கு அடியிலே கிடந்தது.

தமையனார் ஒரு பாறைமீது அமர்ந்து மேற்கே பார்த்தார். “இப்ப ஊரிலை விடியப்புறம் மூன்றரை மணி” என்றார். கைக்கடிகாரத்தைப் பார்க்காமலே சொன்னார். முப்பது ஆண்டுகளாக அந்தக் கணக்கு அவருக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

சற்றுப் பொறுத்து, “வேம்பிலை எத்தனை தண்டு வந்திருக்கு?” என்று கேட்டார்.

“நாலு.”

“எல்லாத்தையும் விட்டால் ஒண்டும் உருப்படாது. நல்லது ஒண்டை விட்டிட்டு மற்றதைக் கழிச்சு விடோணும்.”

“சரி, அண்ணா.”

“அதுக்கு முதல் கிணத்தை இறைப்பிச்சு விடு. காசு நான் அனுப்புறன். மற்றதுகளைப் பிறகு பாப்பம்.”

அவ்வளவுதான் பேச்சு. காணியைப் பற்றி அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. சூரியன் மறைந்ததும் மலைவீதியின் படலையைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் அண்ணி வேளையோடு வந்துவிட்டார். அற்றோணிப் பத்திரம் ஒப்பமிடப்படாமலே எம்முடன் யாழ்ப்பாணம் திரும்பியது. அந்த வீட்டிலே என்றேனும் விளக்கெரியுமோ, எவர் குடியிருப்பரோ, அதனை இப்போது எவரும் சொல்ல முடியாது. கிணற்றை மாத்திரம் புரட்டாதியிலே இறைப்பித்தோம். ஊற்று அடைபடவில்லை.

மியூர் காட்டுக்குச் செல்ல விரும்புவோர் வாகனத் தரிப்பிடத்தை முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டும். 2018 முதல் அங்கே இந்த நியதி. ஆவணியிலே போனாலும் கம்பளிச் சட்டை கொண்டுசெல்க. மேலே ஏறியதும் கழற்றலாம். தண்ணீரைத் தாராளமாக எடுத்துச் செல்க.

திரும்பிவந்து முதல்வாரத்திலேயே அந்தப் பாடம் வந்தது. மாக்கி, மத்தொறல், பின்பொஸ், சப்பரல் என்று வழமைபோல் எழுதச் செய்தோம். அன்று எவனும் எழுந்து கேட்கவில்லை. கேட்காமலே ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொன்னோம்: “பிள்ளைகளே, இதன் மேற்பகுதியைப் பார்த்து இதனை மதிப்பிடக்கூடாது.” பரீட்சைக்கு வருமா என்று முன்வாங்கிலிருந்து ஒரு குரல் கேட்டது. வராது என்றோம். ஆயினும் சிலர் எழுதிக்கொண்டார்கள்.